இடது கன்னம்

"போதும் விடு வெர்லீன். தோலே உரிஞ்சிடப் போகுது."

அம்மா சொன்ன பிறகும் வெர்லீன் கையை எடுக்கவில்லை. முன்னறையில் சோபாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் படுத்திருந்தார். அடக்க ஏற்பாடுகளைச் செய்யும் பாக்ஸ்டர் கைதேர்ந்தவர்தான். ஆனால் இடது கன்னத்தில் மட்டும் பவுடரை அள்ளி அப்பியிருந்தார். வலது கன்னம் அப்பாவின் நிறத்தில் இருந்தது, இடது கன்னம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதைத்தான் அவள் விடிந்ததிலிருந்து கைக்குட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"லிப்ட்டுல விழுந்தப்ப அந்தப் பக்கம் அடிபட்டுக் கன்றிப்போச்சாம். அதை மறைக்கத்தான் பூசியிருக்கார். நீ துடைச்சா ஊரே பாக்கும்" என்றாள் அம்மா யூலா.

வெர்லீன் கைக்குட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பவுடருக்கு அடியில் கருநீலமாக ஏதோ தெரிய ஆரம்பித்திருந்தது. விழுந்த அடிதான். ஒன்பது நாள் முன்னால் வாங்கிய அறையின் தடம் இன்றுவரை கன்னத்தில் இருக்காது என்று பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன பயன், மனசு கேட்கவில்லையே. அந்தக் கன்னத்தில் அறைந்தது அவள்தான்.

அப்பா ஆன்சல் டாலிவர் இருபத்தாறு வருஷம் மேஃபீல்ட் ஓட்டலில் விருந்தாளிகளின் பெட்டி தூக்கினார். செவ்வாய்க்கிழமை காலை இரண்டு கையிலும் இரண்டு பெட்டியோடு லிப்ட்டில் ஏறியவர் நாலாவது மாடிக்குப் போய்ச் சேரவில்லை. விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று சரக்கு வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள். கிளேபர்ன் நகரத்து ஆம்புலன்ஸ் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் வரும். கறுப்பர்களுக்கு பாக்ஸ்டரின் நீளக் கறுப்பு வண்டிதான் ஆம்புலன்ஸ். அதுவேதான் சவ வண்டியும். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓடி, பாதி வழியிலேயே அவசரம் தீர்ந்துபோன அந்த வண்டி இன்றைக்கு வாசலில் நிதானமாக நின்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது வெர்லீன் சமையலறை மேஜையில் படித்துக்கொண்டிருந்தாள். "வரேன் வெர்லீன்" என்றார். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திறந்து வைத்திருந்த பக்கத்தில் ஒரு எழுத்துகூட அவள் படித்திருக்கவில்லை என்பதை இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாம் அதற்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது.

பெனியேல் சபையின் நிலவறையில் இரண்டு மாதமாகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மெயின் தெருவில் இருக்கிற பெல்கிரேவ் கடையில் கறுப்பர்கள் ஊசி வாங்கலாம், நூல் வாங்கலாம், பல்பொடி வாங்கலாம். அங்கேயே இருக்கிற சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் போய் உட்காரப் போகிறார்கள். காப்பி கேட்பார்கள், கொடுக்கமாட்டார்கள். கொடுக்கும்வரை எழுந்திருக்கமாட்டார்கள். திட்டினால் பதில் பேசக்கூடாது, அடித்தால் திருப்பி அடிக்கக்கூடாது, இரண்டு கையும் விரித்தபடி மேஜைமேல் இருக்கவேண்டும். சொல்வது சுலபம். அதனால்தான் பயிற்சி.

பயிற்சி நடத்திய லெமுவேல் குருமடத்து மாணவன், மெலிந்த ஆள், எல்லாரையும் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். ஒரு வரிசையில் நாற்காலிகளைப் போட்டுப் பாதிப் பேரை உட்காரவைத்தான். மீதிப் பேர் வெள்ளைக்காரர்களாக நடித்து அவர்களை வம்புக்கிழுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளைகள், திட்டச் சொன்னால் நாக்கு கூசியது. ஒருவன் ஒரு பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு "ஸாரி சிஸ்டர், ரொம்பச் சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

இது உருப்படாது என்று லெமுவேல் அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆன்சலைப் பிடித்தான்.

"ஐயா, நீங்க அவங்க நடுவுலயே வேலை பாக்குறவர். அவங்க எப்படியெல்லாம் திட்டுவாங்கன்னு கொஞ்சம் சொல்லித் தர முடியுமா?"

"உங்ககிட்ட எவ்வளவு நேரம் இருக்கு தம்பி?" என்றார் ஆன்சல்.

இத்தனைக்கும் மகள் அதில் சேர்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "படிப்பு முடியட்டும், அப்புறம் போ. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை குடுப்பான்?" என்று மாசம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் விடவில்லை. "உங்களை மாதிரி ஆயுசு பூரா 'சரிங்க ஐயா' சொல்லிக்கிட்டே இருக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் உப்பை எடுத்துத் தரச் சொன்னார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நிலவறைக்குள் வந்த ஆன்சல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். வீட்டில் குரல் உயர்த்தாத மனுஷர் திரும்பி நடந்து வரும்போதே வேறு ஆளாக இருந்தார். நடை மாறியிருந்தது, தாடை மாறியிருந்தது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். வரிசையில் முதலில் இருந்தவன் முகத்தில் புகையை ஊதி, அவனுடைய அப்பாவை, தாத்தாவை, மூக்கை, தலைமுடியை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. கத்தவே இல்லை. சாவகாசமாக, நாளைக்கு மழை வருமா என்று கேட்கிற குரலில் பேசினார். பர்னீஸ் என்ற குண்டுப் பெண்ணின் பின்னால் நின்று அவர் சொன்னதில் அவள் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் அவள் கை அசையவில்லை. "சபாஷ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

அடுத்த நாற்காலியில் மகள் இருந்தாள்.

அவர் குனிந்தார். சுருட்டு வாசனை அவள் கழுத்தில் பட்டது.

"உன் அப்பன் யாருன்னு எனக்குத் தெரியும்டீ. மேஃபீல்ட் ஓட்டல்ல பெட்டி தூக்குறானே, அந்த ஆன்சல். விரலைச் சொடுக்கினா ஓடி வருவான். ஒருநாள் 'குரைடா பையா'ன்னோம். அத்தனை பேருக்கு நடுவுல லாபியில முட்டிபோட்டுக் குரைச்சான். நல்லாவே குரைச்சான். நீ அந்த நாய்க்குப் பொறந்த குட்டிதானே? எங்க, நீ குரை பாப்போம்."

என்ன நடந்தது என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. எழுந்து திரும்பியதும், கை போனதும், சத்தம் கேட்டதும். சுருட்டு தரையில் உருண்டு ஓடியது. தன் அப்பாவைப் பற்றி அப்படிப் பேசியவனை அறைந்தாள். அறை விழுந்தது அப்பாவின் கன்னத்தில்.

ஆன்சல் சுருட்டைக் குனிந்து எடுத்து அணைத்தார். மறுபடி பழைய ஆளாகியிருந்தார்.

"எழுந்திரிச்சிட்டே. போச்சு" என்றார்.

"ஐயா, இது கொஞ்சம் அதிகமில்லையா?" என்றான் லெமுவேல்.

"அங்க இதைவிட அதிகமா இருக்கும் தம்பி. இங்க தாங்காதவ அங்க தாங்கமாட்டா. ஒருத்தி கை ஓங்கினா உங்க எல்லாரையும் சேர்த்துல்ல அடிச்சு நொறுக்குவான்?"

பயிற்சியில் கை ஓங்கியவர்கள் மறுபடி பரீட்சையில் தேறாமல் கடைக்குப் போகக்கூடாது என்பது விதி. லெமுவேல் வருத்தத்தோடுதான் அவள் பெயரை அடித்தான். டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி வாங்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தான். என்னைப் போகவிடாமல் செய்யத்தான் அப்பா திட்டம் போட்டு வந்தார், மற்றவர்களுக்கு ஒரு மாதிரியும் எனக்கு ஒரு மாதிரியும் பேசினார், அதற்காகக் கூசாமல் ஒரு பொய்க்கதையையும் கட்டினார் என்று வெர்லீன் முடிவு கட்டிக்கொண்டாள். ஐந்து நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் செவ்வாய்க்கிழமை.

பத்து மணிக்குப் பெட்டி தூக்குகிறவர்கள் வந்தார்கள். ஆறு பேரும் மேஃபீல்ட் ஓட்டல் ஆட்கள். ஓட்டல் மானேஜர் மூன்று மணிவரைதான் லீவு கொடுத்திருந்தார். உடுப்பு மாற்ற நேரமில்லாமல் அரக்குச் சிவப்புச் சட்டையும் பித்தளைப் பொத்தானும் வெள்ளைக் கையுறையுமாக அப்படியே வந்துவிட்டார்கள். "இவனைத் தூக்குறதுக்கும் அதே உடுப்புதானா" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர்களில் மூத்தவர் ஹோரேஸ், அப்பாவோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் முன்னறையில் நிற்க முடியாமல் சமையலறை வழியாகப் பின்படிக்குப் போய்விட்டார். வெர்லீன் பின்னாலேயே போனாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்வீங்களா?"

"கேளு கண்ணு."

"அப்பாவை லாபியில குரைக்கச் சொன்னாங்களா?"

ஹோரேஸ் தொப்பியைக் கழற்றினார். அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்து வீட்டில் யாரோ ஈரத் துணியை உதறிக் கொடியில் போடுகிற சத்தம் கேட்டது.

"யார் சொன்னது உனக்கு?"

"அப்பாதான்."

"அவனா?" ஹோரேஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். "செத்தாலும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினவன் அவன். அப்போ உனக்கு ஏழு வயசு இருக்கும். விதை வியாபாரிகள் மாநாடு ஒண்ணு நடந்தது. ராவெல்லாம் குடிச்சிட்டு ஒரு பத்துப் பேர் லாபியில உக்காந்திருந்தாங்க. எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு முட்டி போடச் சொன்னாங்க. ஆமா, குரைச்சோம். ரெண்டு பேரும்தான்."



"உங்கப்பனுக்கு நல்லா வந்தது. கை தட்டினாங்க. எனக்குச் சத்தமே வரல. தொண்டை அடைச்சிருச்சு. அதுல ஒருத்தன் எழுந்து என் பக்கமா வந்தான், கையில பிரம்பு வச்சிருந்தான். உங்கப்பன் 'ஐயா, இவனுக்கு தொண்டை சரியில்ல, இவனுக்கும் சேர்த்து நான் குரைக்கிறேன்'னான். குரைச்சான். எனக்காக இன்னொரு தடவை." ஹோரேஸ் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானா இருந்தா அவனுக்காகச் செஞ்சிருப்பேனா? பன்னெண்டு வருஷமா யோசிக்கிறேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம் கண்ணு. அவ மனசுல அவன் நிமிர்ந்தே நிக்கட்டும்."

உள்ளேயிருந்து பாக்ஸ்டர் குரல் கொடுத்தார். ஹோரேஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வெர்லீன் பின்படியிலேயே நின்றாள். அது பொய்க்கதை இல்லை. மனைவியிடம்கூடச் சொல்லாததை அப்பா ஒரு வெள்ளைக்காரனின் குரலை இரவல் வாங்கி அவளிடம் சொல்லியிருக்கிறார். அதை அவள் கேட்டுக்கொண்ட லட்சணம்தான் அந்த அறை.

சவ வண்டிக்குப் பின்னால் பாக்ஸ்டரின் காரில் அம்மாவும் அவளும் மட்டும் போனார்கள். வழியில் மெயின் தெரு வந்தது. மணி பத்தே முக்கால். பெல்கிரேவ் கடை வாசலில் இரண்டு போலீஸ் கார்கள் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தன. போய் உட்காருவதற்குக் குறித்திருந்த நாள் இந்தச் சனிக்கிழமைதான், முதல் குழு பதினொரு மணிக்கு உள்ளே போகவேண்டும். முந்தாநாள் லெமுவேல் வீட்டுக்கு வந்து, "ஐயா அடக்கம் அன்னைக்கு வேண்டாம், தள்ளி வச்சிடுறோம் சிஸ்டர் யூலா" என்றபோது அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்து, "ஏன், நீங்க உக்காரலைன்னா அவர் எழுந்திரிச்சு வந்துருவாரா? போங்க, போய் உக்காருங்க" என்று அனுப்பிவிட்டாள்.

கடை பின்னால் போனதும் யூலா கையுறை போட்ட கையால் மகளின் முழங்காலைத் தொட்டாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு வியாழக்கிழமை வந்ததும் அவர் கன்னத்தைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தார். பல்வலியான்னு கேட்டேன். 'இல்ல யூலா, பிள்ளை அடிச்சிட்டா'ன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னை எழுப்பி நாலு சாத்தியிருப்பேன். கையைப் பிடிச்சு உக்காரவச்சிட்டார். 'அவ என்னை அடிக்கல யூலா, எனக்காக அடிச்சா. இந்த ஐம்பத்திரண்டு வருஷத்துல எனக்காக ஒருத்தர் கை ஓங்கி இப்பத்தான் பாக்குறேன்'ன்னார். சிரிப்பு வேற. கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு. இது என்ன பேச்சு? உனக்கு ஏதாவது புரியுதா?"

வெர்லீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

"தெரியலம்மா."

"எனக்கும்தான் தெரியல. சனிக்கிழமைக்குள்ள உன்னை இன்னொரு தடவை உக்கார வச்சுப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். 'இப்ப ஒருதடவை கேட்டுட்டால்ல, அடுத்த தடவை தாங்குவா'ன்னார். நீதான் அவர் மூஞ்சியையே பாக்கலையே."

அம்மா குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். வெர்லீன் சபை வந்து சேரும்வரை அழுதாள். நாலு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஆராதனையில் பாஸ்டர் என்ன பேசினார் என்பது அவள் காதில் ஏறவில்லை. பாதியில் பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. யாரோ ஓடிவந்து காதோடு காதாகச் சொன்ன செய்தி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. லெமுவேலையும் கூட இருந்த ஏழு பேரையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒருத்தனுக்கு மண்டை உடைந்திருக்கிறது. யாரும் கை ஓங்கவில்லை. பாஸ்டர் ஒரு நிமிஷம் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கல்லறையில் பெட்டியை இறக்குமுன் ஆறு பேரும் தங்கள் வெள்ளைக் கையுறைகளைக் கழற்றிப் பெட்டியின்மேல் வைத்தார்கள். பெட்டி தூக்கியவர்கள் செய்கிற வழக்கம் அது. ஆனால் அவை பாக்ஸ்டர் கொடுக்கிற துணிக் கையுறைகள் இல்லை, ஓட்டல் கையுறைகள்.

"ஹோரேஸ், மூணு மணிக்கு வேலைக்குப் போகணுமே, கைக்கு என்ன பண்ணுவே?" என்று பக்கத்தில் நின்றவர் கிசுகிசுத்தார்.

"வெறுங்கையோட போவேன்" என்றார் ஹோரேஸ்.

கல்லறையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குச் சாப்பாடு சபை நிலவறையில்தான். பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், சோள ரொட்டி, ஆறு வகைக் கேக். பயிற்சிக்கு வரிசையாகப் போட்ட அதே மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து சனங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு எங்கிருந்துதான் பசி வருமோ தெரியாது. மூலையில் டெலிபோன் பக்கத்தில் இரண்டாவது குழு தயாராகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் அவர்களும் துக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். பர்னீஸ் ஒவ்வொருவரிடமும் பேனாக்கத்தி, நகவெட்டி எல்லாவற்றையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆயுதம் வைத்திருந்ததாகப் போலீஸ் சொல்லிவிடக்கூடாது. ஜெயிலுக்கென்று பல் பிரஷ்ஷும் கைக்குட்டையும் மட்டும் கொண்டுபோகலாம்.

"ஒரு ஆள் குறையுது" என்றாள் யாரிடமோ.

"நான் வரேன்" என்றாள் வெர்லீன்.

பர்னீஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கா? வேண்டாம் வெர்லீன். அதுவுமில்லாம... விதி தெரியும்ல உனக்கு? மறுபடி பரீட்சை வச்சுப் பாக்காம அனுப்பக்கூடாது."

"அப்ப வை." ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முன்னாலிருந்த மேஜையில் இரண்டு கையையும் விரித்து வைத்தாள்.

பர்னீஸ் அவள் பின்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏய்... கறுப்பி... எந்திரி" என்றாள். அடுத்த சொல் வரவில்லை. "எப்படி முடியும்? இப்பத்தான் அவங்கப்பாவைப் புதைச்சிட்டு வந்திருக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டு விம்ம ஆரம்பித்தாள். பரீட்சை வைக்க வந்தவள் அழுதாள். பரீட்சைக்கு உட்கார்ந்தவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலவறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

ஹோரேஸ் தட்டைக் கீழே வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் துடைத்தார். மேஃபீல்ட் ஓட்டல் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்து வந்து வெர்லீன் நாற்காலியின் பின்னால் நின்றார். அவள் காதருகே குனிந்தார். வேறு யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"உன் அப்பன் எப்படிக் குரைச்சான் தெரியுமாடி? நான் அங்கதான் இருந்தேன். முட்டி போட்டு, கழுத்தை நீட்டி..."

அவர் எதையும் விடவில்லை. அப்பா சொன்னதையும், அப்பா சொல்லாமல் விட்டதையும் சொன்னார். அந்த மனிதர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பதைச் சொன்னார். நாற்காலியின் முதுகை அவர் பிடித்த பிடியில் மரம் முனகியது. வெர்லீன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தும் இருந்த இடத்தில் இருந்தன.

ஹோரேஸ் நிமிர்ந்தார். "தாங்குவா. எழுதிக்கோ" என்று பர்னீஸிடம் சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை முடிக்காமலேயே வேலைக்குக் கிளம்பிப் போனார்.

யூலா கேக் வெட்டுகிற கத்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னார் ஹோரேஸ்?"

"அப்பா சொன்னதைத்தாம்மா."

 யூலா மகளின் கறுப்புச் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள். "பல் பிரஷ் வச்சிருக்கியா?" என்றாள். இல்லை என்றதும், தட்டுகளைக் கொண்டுவந்திருந்த பெண்களில் ஒருத்தியை எதிர்க்கடைக்கு விரட்டிப் புதிதாக ஒன்று வாங்கிவரச் சொன்னாள்.

பெல்கிரேவ் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். ஐந்து பேரும் நடந்து போய் ஐந்து ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். காலையில் சிந்தியதெல்லாம் கழுவித் துடைத்திருந்தது. "ஒரு காப்பி, சர்க்கரை போட்டு" என்றாள் வெர்லீன். பரிமாறுகிற பெண் அவளைப் பார்க்காமல் கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் கூட்டம் சேர்வது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

அவள் பின்னால் வந்து நின்றவனுக்கு அவள் வயதுதான் இருக்கும். எதிரே இருந்த கண்ணாடியில் அவன் தெரிந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். கறுப்பு நாயே என்றான். உன் இடத்துக்கு ஓடு என்றான். நண்பர்கள் சிரித்தார்கள். மறுபடி அதையே சொன்னான். மூன்றாவது தடவையும் அதையே சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. வெர்லீன் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னதில் கால்வாசிகூட இன்னும் வரவில்லை.

"என்ன, கறுப்புச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கே? யாரு செத்தா?" என்றான் அவன்.

பக்கத்து ஸ்டூலில் பர்னீஸின் மூச்சு நின்றது கேட்டது. வெர்லீன் கண்ணாடியில் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

அவன் சர்க்கரை ஜாடியின் மூடியைத் திருகி எடுத்து அவள் தலையில் கவிழ்த்தான். சர்க்கரை காதோரமாக இறங்கிக் கழுத்துக்குள் போயிற்று. மிச்சம் கறுப்புச் சட்டையின் கைமேல் வெள்ளையாகப் படிந்தது. மடியில் கைப்பை இருந்தது. அதற்குள், பவுடர் ஒட்டிய கைக்குட்டை மடித்தபடி இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை, கையைத் தட்டிவிட்டுக்கொள்ளவும் இல்லை. பரிமாறுகிற பெண் டம்ளர்களை அடுக்கி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள்.